அடக்கி வாசிக்கச் சொல்லும் சிறு ஆர்.என்.ஏ.க்கள்

நம் உடலில் கல்லீரல் உயிரணுவிலும் மூளை உயிரணுவிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். பிறகு ஏன் இரண்டும் வேறுவேறாக இயங்குகின்றன? எந்த மரபணு எங்கே, எவ்வளவு பேசவேண்டும் என்ற கட்டுப்பாட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது.

டி.என்.ஏ.வை ஒரு சமையல் புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். அது உட்கருவை விட்டு வெளியே வராது. தேவையான குறிப்பு மட்டும் துண்டுச் சீட்டில் எழுதப்பட்டு அடுப்படிக்குப் போகும். அந்தச் சீட்டுதான் தூது ஆர்.என்.ஏ. அதைப் பார்த்துத்தான் உயிரணு புரதத்தைச் சமைக்கிறது.

1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். லின்-4 என்ற மரபணு எந்தப் புரதத்தையும் உண்டாக்கவில்லை. 22 எழுத்துக்களே கொண்ட குட்டி ஆர்.என்.ஏ.வை மட்டும் தந்தது. அது லின்-14 மரபணுவின் சீட்டில் போய் ஒட்டிக்கொண்டு, சமையலை நிறுத்தியது. புழுவின் தனிக்குணம் என்றே பலரும் இதை ஒதுக்கினார்கள். 2000இல் லெட்-7 என்ற இன்னொரு குட்டி ஆர்.என்.ஏ. மனிதன்வரை பல விலங்குகளில் இருப்பது தெரிந்தபிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. இருவருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வை உரிய அளவுக்கு நறுக்குவது டைசர் என்ற நொதி. சுமந்து செல்வது ஆர்கோநாட் என்ற புரதம். சீட்டோடு பாதி பொருந்தினால் சமையல் அடங்கும். முழுதாகப் பொருந்தினால் சீட்டே வெட்டுப்படும். முழுதாகப் பொருந்தும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வின் ஆற்றலை 1998இல் காட்டிய ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரும் 2006இல் நோபல் பெற்றார்கள்.

இதற்கும் வளைகுடாவுக்கும் என்ன தொடர்பு? பரம்பரையாக வரும் மிகைக் கொழுப்பு நோய் உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு உண்டு. வளைகுடா நாடுகளில் நடந்த ஆய்வொன்று 112 பேரில் ஒருவருக்கு என்றது. கெட்ட கொழுப்பைக் கல்லீரல் வாங்கிக்கொள்ளும் வாசல்களை அழிக்கும் புரதம் பி.சி.எஸ்.கே.9. அதன் மரபணு மாற்றம் இந்நோய்க்குக் காரணமாகலாம் என்று 2003இல் கண்டவர்களில் லெபனானின் மரியான் அபிஃபாடெலும், கெய்ரோவில் பிறந்த நபீல் செய்தாவும் உண்டு.

இன்க்ளிசிரான் என்ற மருந்து அப்புரதத்தின் சீட்டை வெட்டும் சிறு ஆர்.என்.ஏ. ஒருவகைச் சர்க்கரையோடு பிணைத்திருப்பதால் நேரே கல்லீரலுக்குப் போகிறது. முதல் ஊசிக்கு மூன்று மாதம் கழித்து ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. கெட்ட கொழுப்பு ஏறக்குறைய பாதியாகிறது. ஐரோப்பா 2020இல் ஒப்புதல் தந்த இம்மருந்து இன்று அமீரகத்திலும் கிடைக்கிறது. விலை அதிகம். ஆகவே முதல் மருந்து இன்றும் ஸ்டாட்டின் மாத்திரைதான்.

வளைகுடாவில் மாரடைப்பால் விழும் நம்மவர்கள் பலர் ஐம்பதைக்கூடத் தொடாதவர்கள். கொழுப்பு வலிக்காது, அறிவிப்பும் தராது. குடும்பத்தில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், அடுத்த விடுமுறைவரை காத்திராமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஊரில் இருக்கும் உடன்பிறப்புகளுக்கும் சொல்லுங்கள். மரபணு அவர்களுக்கும் பொதுவானதல்லவா?