படையும் மக்கள் மதிப்பும்

குற்றாலத்துக்கு வடகிழக்கே, சங்கரன்கோவில் பக்கத்தில் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல் இருக்கிறது. 1755ஆம் ஆண்டில் அக்கோட்டையின் முன் கும்பினிப் படையுடன் வந்து நின்றார் கர்னல் எரான். ஆர்க்காட்டு நவாபுக்காக வரி தண்டுவதே அப்படையெடுப்பின் நோக்கம். நவாபின் தமையன் மாபூசுகானும் அதில் உடன் வந்தவர். கப்பம் கேட்டார் எரான், பூலித்தேவர் கொடுக்கவில்லை, படை வெறுங்கையுடன் திரும்பிற்று.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்பே நிகழ்ந்தது. மதுரையை அடுத்த கோவில்குடியில் படைவீரர் கோயிலுக்குள் புகுந்து, தெய்வத் திருவுருவங்களை எடுத்துச் சாமான் வண்டிகளில் ஏற்றிக்கொண்டனர். மீட்புப் பணமும் கேட்டனராம்! அரசன் எவனாயினும் வரி கேட்பான் என்று பொறுத்திருந்த குடிகள் இதனைப் பொறுக்கவில்லை. மே மாத இறுதியில் படை நத்தம் கணவாய் வழியே திரும்பியபோது, அடர்ந்த காட்டினின்று கள்ளர்கள் பாய்ந்தனர். "சாமி, சாமி" என்று கூவிக்கொண்டே ஈட்டியால் குத்தினர் என்று வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதுகிறார். திருவுருவங்களை மீட்டுக்கொண்டே அகன்றனர். இப்படைக்கும் வழிப்பறிக் கூட்டத்துக்கும் என்ன வேற்றுமை என்று அம்மக்கள் எண்ணியிருந்தால், அவர்களைக் குறை கூறுவார் யார்?

பின்னர்ச் சென்னையில் இராணுவ நீதிமன்றம் எரானை விசாரித்துப் பணியினின்று நீக்கியது. அன்பளிப்புகள் பெற்ற குற்றத்துக்காக! கணக்கில் வராத பணமே கும்பினியாரைச் சுட்டது போலும். நம் குடியரசின் 1950ஆம் ஆண்டு இராணுவச் சட்டமோ, வழிபாட்டிடத்தை இழிவுபடுத்திப் பிறர் சமய உணர்வைப் புண்படுத்தும் படைவீரனுக்கு 64ஆம் பிரிவில் சிறைத்தண்டனை வகுத்துள்ளது.