இருதயத்தின் சிறு வாய்க்கால்கள்

குளத்தில் நீர் நிறைந்திருக்கிறது, பெருவாய்க்காலிலும் தடையில்லை, ஆயினும் வயலிற் பயிர் வாடுகிறது. அனுபவமுள்ள கமக்காரன் பயிரைக் குறைகூறமாட்டான். வயலுக்குட் பாயும் சிறு வாய்க்கால்களைச் சென்று பார்ப்பான். இருதய நோயிலும் இவ்வாறு பார்க்கவேண்டிய நிலை ஒன்றுண்டு.

உடலெங்கும் குருதியை அனுப்பும் இருதயத்தின் தசைக்கும் குருதி வேண்டும். அதன் மேற்பரப்பில் ஓடும் முடியுரு நாடிகள் அதனை வழங்குகின்றன. அவை கிளைத்துத் தசையினுட் புகுந்து, அரை மில்லிமீற்றரிலுங் குறைந்த நுண்குழாய்களாகின்றன. நாம் படியேறும்போதும் பாரஞ் சுமக்கும்போதும் இந்நுண்குழாய்கள் விரிந்து குருதியோட்டத்தைப் பன்மடங்காக்கவேண்டும். அவை போதிய அளவு விரியாவிடினும், தகாத வேளையிற் சுருங்கினும், தசைக்குக் குருதி போதாது. நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும், களைப்பு மேலிடும்.

முடியுரு நாடிக்குள்ளேயே சாயஞ் செலுத்திக் கதிர்ப்படம் பிடிக்கும் முறை, 1958இல் அமெரிக்க வைத்தியர் மேசன் சோன்ஸ் அவர்களால் தொடங்கிற்று. அப்படத்திற் பெருநாடிகளின் அடைப்புத் தெளிவாகத் தெரியும், நுண்குழாய்கள் தெரியா. ஆதலால், நெஞ்சுவலியோடு வந்து, படத்தில் அடைப்பேதுங் காணப்படாதவரின் நோய் நெடுங்காலம் புதிராயிருந்தது. 1973இல் அதற்கு ‘எக்ஸ்’ என்ற எழுத்தையே பெயராக வைத்தனர். 1988இலேதான் நுண்குழாய்களைச் சுட்டும் பெயர் அதற்கு வழங்கப்பட்டது.

ஆண்களுக்கும் இந்நோய் வருமெனினும், பெண்களிடத்தே, சிறப்பாக மாதவிடாய் நின்றபின், மிகுதியாகக் காணப்படுகிறது. “படத்தில் ஒன்றுமில்லை, மனக்கவலைதான்” என்ற சொல்லைக் கேட்டு, வலியை மறைத்து அடுப்படிக்குத் திரும்பிய தாய்மார் பலர். அச்சொல் ஆறுதலன்று. நுண்குழாய் நோயுடையோருக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் இருதயச் செயலிழப்பும் நேரும் அபாயம் மற்றையோரிலும் அதிகம்.

இன்று இதனை அறிய வழியுண்டு. நாடிக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, குழாய்களை விரிக்கும் மருந்தைக் கொடுத்துக் குருதியோட்டத்தை அளக்கின்றனர். ஓட்டம் இருமடங்காகவேனும் பெருகாவிடின் குறை உறுதியாகிறது. நீரிழிவு, உயர் குருதியமுக்கம், கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்தல், புகைத்தலை விடுதல், வைத்தியர் சொன்ன அளவில் நடத்தல், உரிய மருந்துகள் என்பன பயன் தருவன.

நெஞ்சுவலி திடீரெனத் தோன்றினால் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். படம் தெளிவாயிருந்தும் வலி தொடருமாயின், “சிறு குழாய்களிற் குறையிருக்குமோ?” என்று வைத்தியரைப் பணிவோடு கேளுங்கள். வீட்டிலுள்ளோரும் வலிக்கிறதென்பவரை நம்புதல் வேண்டும். பெருவாய்க்கால் தெளிவாயிருப்பது மட்டும் பயிருக்குப் போதாதன்றோ?