ஒரு போர், ஐந்து எண்கள்

1987 ஜூலை 5 இரவு நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் என்ன நடந்தது என்று கரவெட்டிச் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் நிலைகொண்டிருந்த இராணுவத்தின் மீது வெடிமருந்து ஏற்றிய வாகனம் மோதியது. செத்த படையினர் எத்தனை பேர்? நாற்பது பேரளவில் என்று பொதுவாக எழுதுகிறார்கள். நூறுக்கு மேல் என்பது புலிகளின் கணக்கு. இத்தனைக்கும் இராணுவத்திடம் சம்பளப் பட்டியல் இருக்கிறது, ஆள் இலக்கம் இருக்கிறது. அப்படியிருந்தும் இந்த வித்தியாசம். அதற்குச் சில கிழமைகளுக்கு முன், மே 26இல் தொடங்கிய ஒப்பரேஷன் லிபரேஷன் என்ற இராணுவ நடவடிக்கையில் வடமராட்சி முழுக்க விழுந்த ஷெல்லுக்குச் செத்த சனத்துக்கு எந்தப் பட்டியல் இருந்தது?

போரில் இறந்தவர்களை எண்ணுவது ஒரு தனி அறிவியல். அதன் முதற்பாடமே, போராளியை எண்ணுவது எளிது, பொதுமகனை எண்ணுவது கடினம் என்பதுதான். 2006 முதல் 2009 வரை படையினர் 6,261 பேர் இறந்தனர், 29,551 பேர் காயப்பட்டனர் என்று அரசு அறிவித்தது. புலிகள் தொடக்கத்திலிருந்து 2008 நவம்பர் வரை தம் மாவீரர் தொகையை 22,390 என்று சொன்னார்கள். இரண்டும் அந்தந்தத் தரப்பு தானே வெளியிட்டவை. ஆனாலும் பின்னால் பெயர்கள் இருப்பதால் சரிபார்க்க வழியுண்டு. பங்கருக்குள் செத்த கிழவிக்கு அப்படி ஒன்றுமில்லை.

வன்னியின் கடைசி மாதங்களுக்கு ஐந்து எண்கள் புழக்கத்தில் உள்ளன. மேடையில் அவரவர் தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்கிறார்கள். எந்த எண் எப்படிப் பிறந்தது என்று கேட்பவர் குறைவு.

முதலாவது 7,721. கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலர்கள் 2008 ஓகஸ்ட் முதல் 2009 மே 13 வரை சேர்த்தது. ஒரு சம்பவத்தை மூன்று மூலங்கள் உறுதிசெய்யாவிட்டால் தள்ளிவிட்டார்கள். இருமுறை எண்ணிய சந்தேகம் வந்தாலும் தள்ளிவிட்டார்கள். நேர்மையான முறைதான். ஆனால் சண்டை இறுக இறுக, தகவல் சொன்ன வைத்தியரும் பாதிரியாரும் தொடர்பு அறுந்து போனார்கள். கணக்கு நின்ற பிறகும் போர் ஐந்து நாள் நடந்தது. ஆகவே 7,721ஐக் கீழெல்லை என்றே கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2011இல் வடமாகாணத்தில் வீடு வீடாகக் கேட்டு எடுத்தது. இயற்கையல்லாத இறப்பு ஏறத்தாழ 8 ஆயிரம், காணவில்லை 2,600க்கு மேல். இதன் ஓட்டை வெளிப்படையானது. கதவைத் தட்டினால் பதில் சொல்ல ஆள் வேண்டும். குடும்பமே அழிந்த வீட்டிலும், மிஞ்சியவர்கள் வெளிநாடு போய்விட்ட வீட்டிலும் யார் சொல்வது?

மூன்றாவதும் நான்காவதும் 40 ஆயிரமும் 70 ஆயிரமும். 2011இல் தருஸ்மன் தலைமையிலான ஐ.நா. நிபுணர் குழு முன்னதையும், 2012இல் சார்ள்ஸ் பெட்ரியின் ஐ.நா. உள்ளக மீளாய்வு பின்னதையும் சொன்னது. நிபுணர் குழு சொன்னது "இவ்வளவு இருக்கலாம் என்பதை நிராகரிக்க முடியாது" என்ற அளவில்தான். பெட்ரி அறிக்கை சொன்னது, இத்தனை பேருக்கு மேல் எங்கே என்று தெரியவில்லை என்ற தகவல் உண்டு என்றுதான்; செத்தார்கள் என்றல்ல. எங்கள் பத்திரிகைகள் அந்த வாலை வெட்டிவிட்டு எண்ணை மட்டும் அச்சடிக்கின்றன. இது எங்களுக்கு நாங்களே செய்யும் கெடுதி.

ஐந்தாவது 1,46,679. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் கொடுத்தது. 2008 ஒக்டோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் இருந்ததாகக் கச்சேரி சொன்ன 4,29,059 பேரிலிருந்து, அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்ததாகப் பதிவான 2,82,380 பேரைக் கழித்தார். இத்தனை பேரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. இவர்கள் எங்கே என்றுதான் கேட்டார். கழித்தல் முறையில் ஒரு பலவீனம் உண்டு. முதல் எண்ணில் நூற்றுக்கு ஐந்து பிழை இருந்தாலே விடை 21 ஆயிரத்துக்கு மேல் அசையும். மறுபக்கம், அந்தப் பகுதியில் 70 ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசு சொல்லிக்கொண்டிருக்க, வெளியே வந்தது ஏறக்குறைய மூன்று லட்சம். அந்தப் பிழையோடு பார்த்தால் கச்சேரிக் கணக்கு எவ்வளவோ மேல்.

காயப்பட்டோரை வைத்தும் மதிப்பிடலாம். படையினரில் ஒரு சாவுக்கு 4.7 பேர் காயம். ஐ.நா. பட்டியலில் காயம் 18,479, அதாவது ஒரு சாவுக்கு 2.4 பேர். சிப்பாய்க்கு ஹெலிகொப்டரும் சத்திரசிகிச்சையும் கிடைத்தன. சனம் அடைபட்டிருந்த புதுமாத்தளனில் மயக்கமருந்துக்கே தட்டுப்பாடு. விகிதம் பாதியாகக் குறைவதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. எந்த விகிதத்தை எடுக்கிறோம் என்பதில் விடை இரட்டிப்பாகும்.

இவற்றை எல்லாம்விட நம்பகமான வழி பட்டியல்களை ஒப்பிடுவது. குளத்து மீனை எண்ண உயிரியலாளர் பயன்படுத்தும் முறை இது. ஒரு பட்டியலில் 60 பெயர், தனியாக எடுத்த இன்னொன்றில் 50, இரண்டிலும் 30 என்றால், இரண்டாவது பட்டியலாரில் ஐந்தில் மூன்று பேரை முதற்பட்டியல் பிடித்திருக்கிறது. ஆகவே மொத்தம் 100 பேரளவில். பதிவானவர்கள் 80, யாரும் எழுதாதவர்கள் 20. பெருவின் உண்மை ஆணைக்குழு 2003இல் இப்படித்தான் 24 ஆயிரமளவு பதிவுகளிலிருந்து, இறந்தோரும் காணாமற்போனோரும் 69,280 என்ற மதிப்பீட்டுக்கு வந்தது. 2009 மே 17 முதல் 19 வரை முல்லைத்தீவில் சரணடைந்து காணாமற்போனோருக்கும் புள்ளியியலாளர் பற்றிக் போல், ஊடகவியலாளர் பிரான்சிஸ் ஹரிசன் இருவரும் 2018இல் இதே முறையைப் பயன்படுத்தினர். விடை ஏறத்தாழ 500.

தமிழ்ப் பெயர்களில் இந்த வேலை தலையிடி. நெல்லியடித் தாக்குதலில் வாகனத்தை ஓட்டி இறந்த புலி ஒரு பட்டியலில் வசந்தன், மற்றதில் கப்டன் மில்லர். முதலெழுத்து மாறும், ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறும். 1990களில் வன்னிக்குப் போன வடமராட்சியார் ஒருவரை முல்லைத்தீவில் ஒரு தரம், கரவெட்டியில் உறவினர் ஒரு தரம் சொல்லியிருப்பார்கள். சிலர் இறப்புச் சான்றிதழ் எடுத்திருப்பார்கள். சிலர் அதை மறுத்து, 2016இல் வந்த, ஆளைக் காணக்கிடைக்கவில்லை என்ற சான்றிதழை எடுத்திருப்பார்கள். சிலர் இரண்டையும் தொட்டிருக்க மாட்டார்கள்.

பொதுமகனா போராளியா என்ற கேள்வி அதற்கு மேல். கடைசி மாதங்களில் கட்டாயமாகப் பிடித்துப்போன பிள்ளை எந்தப் பக்கம்? ஆயுதத்தைக் கீழே வைத்துச் சரணடைந்தவரைக் கொல்வது போர்ச் சட்டப்படி குற்றம். ஆனால் எண்ணும்போது அவரைப் போராளி என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். பொஸ்னியாவில் போரில் இறந்தவர்களைப் பதிந்த மிர்சாத் டொக்காச்சாவின் குழு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தஸ்தையும் எழுதியது. இரண்டு லட்சம் என்று உலகம் சொல்லிவந்தது 2007இல் 97,207 ஆனது. அதில் பத்தில் நான்கு பேர் பொதுமக்கள். எண் குறைந்தது, ஆனால் அதன் பிறகு அதை மறுப்பது கடினமாயிற்று. பெயர் இல்லாத இரண்டு லட்சத்தைவிடப் பெயருள்ள ஒரு லட்சம் வலியது என்பது என் கருத்து.

எங்களுக்கு அப்படியொரு ஏடு இன்னும் இல்லை. 2017 பெப்ரவரியில் காணாமற்போன பிள்ளைகள் எங்கே என்று கேட்டுக் கிளிநொச்சித் தெருவில் அமர்ந்த தாய்மாரில் பலர் விடை தெரியாமலே இறந்துவிட்டார்கள். கரவெட்டியில் ஒவ்வொரு விதானையார் பிரிவிலும் நாலைந்து படித்த பிள்ளைகள் சேர்ந்தால் போதும். முழுப்பெயர், இயக்கப்பெயர் இருந்தால் அதுவும், பிறந்த ஆண்டு, கடைசியாகக் கண்ட இடமும் திகதியும், கண்டவர் யார் என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். கண்டதை ஒரு பக்கத்திலும் கேள்விப்பட்டதை மறுபக்கத்திலும் எழுதுங்கள். அடுத்த ஊரார் எழுதியதைப் பார்த்து எழுத வேண்டாம். பட்டியல்கள் தனித்தனியாக இருந்தால்தான் ஒப்பிட முடியும்.