முப்பது மீட்டர், இரண்டு வினாடி

அலாஸ்காவில் சுமார் 30,000 பழுப்புக் கரடிகள் வாழ்கின்றன. சால்மன் மீன்கள் ஆற்றில் எதிரேறும் மாதங்களில் கரடிகள் கரைக்கு இறங்கும். தூண்டில்காரர்களும், மூஸ் வேட்டைக்குப் போகிறவர்களும், கள ஆய்வு செய்யும் உயிரியலாளர்களும் அதே கரையில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. இடுப்பில் கைத்துப்பாக்கியோடு ஒருவர் கடைக்கு வந்தால் அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எந்தத் துப்பாக்கி நல்லது, அதில் எந்தத் தோட்டாவைப் போடுவது என்ற பேச்சுக்கு அங்கே முடிவே கிடையாது. அந்தப் பேச்சு பெரும்பாலும் துப்பாக்கிக் குழாயின் அளவைச் சுற்றியே ஓடுகிறது. கரடியின் எலும்பையும் மனிதனின் கையையும் கையில் இருக்கும் நேரத்தையும் பற்றித்தான் முதலில் பேச வேண்டும் என்பது என் கருத்து.

கிரிஸ்லி என்பது வட அமெரிக்க உள்நாட்டுப் பகுதிகளின் பழுப்புக் கரடி. மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. அதாவது வினாடிக்கு 15 மீட்டர். புதர் மண்டிய ஆற்றோரத்தில் குட்டிகளோடு நிற்கும் தாய்க்கரடியை ஒருவர் 30 மீட்டர் தொலைவில் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது பாய்ந்தால் அவருக்குக் கிடைப்பது இரண்டே வினாடி. நடப்பது என்னவென்று புரிந்து, உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, குறிபார்த்துச் சுடுவதெல்லாம் அதற்குள் முடிய வேண்டும். தோள்பையின் அடியில் கிடக்கும் துப்பாக்கி எவ்வளவு சக்தி வாய்ந்ததாக இருந்தாலும் அந்த நேரத்தில் அது வெறும் இரும்பு.

சினிமாவில் குண்டடி பட்டவர்கள் பின்னால் தூக்கியெறியப்படுகிறார்கள். நிஜத்தில் அப்படி நடக்காது; எளிய கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். புகழ்பெற்ற .44 மேக்னம் ரிவால்வரின் குண்டு ஏறத்தாழ 15.5 கிராம் எடை, வினாடிக்கு 430 மீட்டர் வேகம். அதன் உந்தம் 6.7 அலகு. 250 கிலோ எடையுள்ள ஆண் கரடி பாய்ந்து வரும்போது அதன் உந்தம் 3,750 அலகு. குண்டு முழுவதுமாக உடலுக்குள் தங்கிவிட்டாலும் கரடியின் வேகம் வினாடிக்கு மூன்று சென்டிமீட்டர்கூடக் குறையாது. கைத்துப்பாக்கியால் கரடியைத் தள்ளி நிறுத்த முடியாது. குண்டு உள்ளே போய் எதைச் சிதைக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூளையோ தண்டுவடமோ சிதைந்தால் கரடி அந்த இடத்திலேயே விழும். இதயமும் நுரையீரலும் கிழிந்தால் இறக்கும். ஆனால் உடனே இறக்காது. இதயம் நின்ற பிறகும் மூளையில் மிஞ்சிய ஆக்சிஜன் பத்து வினாடி அளவுக்கு உடலை இயக்கும். பத்து வினாடியில் அது 150 மீட்டர் ஓடிவிடும். தலையைக் குறிவைப்பதும் சுலபமில்லை. கரடியின் நெற்றி என்று நாம் நினைக்கும் மேல்பகுதியில் பெரும்பாலும் தாடைத் தசையும் எலும்பு மேடும்தான் இருக்கின்றன. தலையின் அளவோடு ஒப்பிட்டால் மூளை சிறியது. கீழே, பின்தள்ளி அமைந்திருக்கிறது. ஓடிவரும் கரடியின் தலையோ மேலும் கீழும் ஆடிக்கொண்டே வருகிறது.

தோட்டாத் தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. மனிதர்களிடமிருந்து தற்காத்துக்கொள்ள விற்கப்படும் தோட்டாக்களில் குண்டின் முனை குழிவாக இருக்கும். உடலில் பட்டதும் அது விரிந்து அகலமான காயத்தை உண்டாக்கி, ஆழமாகப் போகாமல் நின்றுவிடும். மறுபக்கம் வெளியேறி இன்னொருவரைத் தாக்கக் கூடாது என்பதற்கான வடிவமைப்பு அது. கரடியிடம் அதே குணம் குறையாகிறது. நனைந்த ரோமம், கொழுப்பு, தடித்த தசை, தோள் எலும்பு எல்லாவற்றையும் தாண்டிய பிறகுதான் முக்கிய உறுப்புகள். எனவே கரடிக் காட்டுக்குப் போகிறவர்கள் தேடுவது விரியாத குண்டை: கடினப்படுத்திய ஈயக் கலவையில் வார்த்த, தட்டையான மூக்குள்ள, எடை கூடிய குண்டு. அது உருக்குலையாமல் ஆழமாகப் போகும். தட்டை மூக்கு இருப்பதால் உடலுக்குள் திசைமாறாமல் நேராகவும் செல்லும்.

ஆற்றலைப் பார்ப்போம். சாதாரண 9 மி.மீ. பிஸ்டலின் குண்டில் இருப்பது ஏறக்குறைய 500 ஜூல். 10 மி.மீ. பிஸ்டலில் அது 900 ஜூலை நெருங்கும்; .44 மேக்னத்தில் 1,400. 2003-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் கொண்டுவந்த .500 மேக்னத்தில் 3,500 ஜூல் வரை போகும். கிட்டத்தட்ட ஒரு வேட்டை ரைஃபிளின் பலம் அது. அப்படியானால் எல்லோரும் அதையே வாங்கிவிடலாமே? அதன் நீளக்குழாய் வகை இரண்டு கிலோ கனம். ஐந்தே தோட்டாக்கள்தான் பிடிக்கும். சுட்டதும் பின்னுதைப்பில் குழாய் மேலே எகிறிவிடும். அதை இறக்கி மறுபடி குறிபார்ப்பதற்குள் கரடி வந்துவிடும். பயிற்சி எடுப்பதே வலி என்பதால் வாங்கியவர்களில் பலர் பயிற்சியே எடுப்பதில்லை. பழகிய கையில் இருக்கும் நடுத்தரத் துப்பாக்கி, பழகாத கையில் இருக்கும் பெரிய துப்பாக்கியைவிட மேல்.

10 மி.மீ. பிஸ்டலுக்கு இப்போது ஆதரவு கூடியிருப்பதற்கு இதுவே காரணம். கிரீன்லாந்தின் வடகிழக்கில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர், பனிக்கரடிகளை நினைத்து ரைஃபிளோடு கிளாக் 20 என்ற 10 மி.மீ. பிஸ்டலையும் வைத்திருக்கிறார்கள். அதில் 15 தோட்டாக்கள் பிடிக்கும்; உதைப்பும் தாங்கக்கூடியது. ஆனால் ரிவால்வருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கரடி மேலே ஏறிவிட்ட நிலையில் குழாயை அதன் உடலோடு அழுத்திச் சுட நேர்ந்தால், பிஸ்டலின் மேற்பகுதி பின்னே தள்ளப்பட்டு வெடிக்காமல் போகலாம். ரிவால்வர் அப்போதும் வெடிக்கும்.

சின்னத் துப்பாக்கியே போதும் என்பவர்கள் தவறாமல் எடுத்துச்சொல்லும் கதை ஒன்று உண்டு. 1953-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஸ்லேவ் லேக் அருகே, பெல்லா ட்வின் என்ற க்ரீ பழங்குடிப் பெண், சிறு பிராணிகளை வேட்டையாடும் .22 ரைஃபிளால் அக்காலத்தின் உலகச் சாதனை அளவிலான கிரிஸ்லியைக் கொன்றார். உண்மைதான். ஆனால் அந்தக் கரடி அவர்மீது பாயவில்லை. மறைந்திருந்த அவர், மிக அருகில் வந்த அதன் தலையின் பக்கவாட்டில் நிதானமாகச் சுட்டார். கரடிகளை வாழ்நாள் முழுக்க அறிந்த கண் அது. 2016-இல் அலாஸ்காவில் ஒரு வழிகாட்டி 9 மி.மீ. பிஸ்டலால் பாயும் கரடியைச் சுட்டு இருவரைக் காப்பாற்றினார். அவர் பயன்படுத்தியதும் கடின ஈயக் குண்டுதான். அவருக்கும் பல்லாண்டு அனுபவம் இருந்தது. இத்தகைய கதைகளை நமக்குச் சொல்ல மிஞ்சியவர்கள் பிழைத்தவர்கள் மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது.

கதைகளை விட்டு எண்களுக்கு வருவோம். டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலான ஆய்வாளர்கள் 1883 முதல் 2009 வரை அலாஸ்காவில் துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 கரடி மோதல்களைத் தொகுத்து 2012-இல் வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி 84 விழுக்காடு நிகழ்வுகளிலும், நீளத் துப்பாக்கி 76 விழுக்காட்டிலும் கரடியைத் தடுத்தன. தோற்ற நிகழ்வுகளில் முதல் காரணம், சுட நேரமே கிடைக்காதது. துப்பாக்கி சிக்கிக்கொண்டதும், பாதுகாப்பு விசையை விடுவிக்க மறந்ததும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சுட்டவர்களுக்கும், துப்பாக்கி இருந்தும் சுடாதவர்களுக்கும் காயமடைந்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அதே குழு 2008-இல் கரடி ஸ்பிரே பற்றி வெளியிட்ட ஆய்வில், பழுப்புக் கரடிகளை அது 92 விழுக்காடு நிகழ்வுகளில் நிறுத்தியது. ஸ்பிரே அடித்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினார்கள். இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவு கட்டுவது நியாயமில்லை. ஸ்பிரே நிகழ்வுகள் பலவற்றில் கரடி பாய வரவில்லை, ஆர்வத்தில் நெருங்கியது. துப்பாக்கி நிகழ்வுகளோ, யாராவது காயப்பட்டதால் பதிவேட்டில் ஏறியவையாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தத் தள்ளுபடியைக் கொடுத்த பிறகும் ஸ்பிரேயின் பக்கம் வலுவாகவே இருக்கிறது.

காரணம் எளிது. துப்பாக்கிக்குத் துல்லியம் வேண்டும். ஸ்பிரே ஏழெட்டு மீட்டர் வரை பரவும் ஒரு மேகம். அதில் இருப்பது நம் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும் அதன் உறவுப் பொருள்களும். நரம்பு முனையில் வெப்பத்தை உணரும் டிஆர்பிவி1 என்ற புரதத்தை அது தூண்டிவிடுகிறது; கண்ணும் மூக்கும் மூச்சுக்குழலும் தீப்பற்றியதாகக் கரடி உணர்கிறது. அந்தப் புரதத்தை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொசுவிரட்டி மாதிரி உடலிலோ கூடாரத்திலோ இதைப் பூசிக்கொள்ளக் கூடாது. தரையில் படிந்த ஸ்பிரேயின் மேல் அலாஸ்காக் கரடிகள் ஆசையாகப் புரண்டதை டாம் ஸ்மித்தே பதிவு செய்திருக்கிறார். காற்று எதிர்த்து அடித்தால் ஸ்பிரே நம் கண்ணுக்கே திரும்பும் என்பதும் உண்மை.

கரடியின் பக்கமும் சொல்ல வேண்டும். அலாஸ்கா நீங்கலான அமெரிக்கப் பெருநிலத்தில் ஒரு காலத்தில் 50,000 கிரிஸ்லிகள் இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. இன்று சுமார் 2,000. 1975 முதல் அவை சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. பாய்ச்சல்களில் பல வெறும் மிரட்டல். சில மீட்டருக்கு முன்பே நின்று திரும்பிவிடும். ஸ்பிரே பட்ட கரடி கண்ணெரிச்சலோடு குட்டிகளிடம் போய்விடும். குண்டு பட்ட கரடிக்கு அந்த வாய்ப்பு இல்லை. உயிரைக் காக்கச் சுடுவதை அலாஸ்காச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் தோலையும் மண்டையோட்டையும் அரசிடம் ஒப்படைத்து, எழுத்தில் விளக்கமும் தர வேண்டும்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய், அப்படியே யெல்லோஸ்டோனையும் பார்த்துவரும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது ஏராளம். அவர்களுக்குத் துப்பாக்கிப் பேச்சே தேவையில்லை. கரடி ஸ்பிரேயை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது. இறங்கிய பிறகு பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களில் வாங்கிக்கொள்ளுங்கள். பைக்குள் போடாமல் இடுப்பில் மாட்டி, பாதுகாப்புக் கொக்கியை எடுக்கக் கை பழகும்வரை ஒத்திகை பாருங்கள். மூன்று பேருக்குக் குறையாமல், சத்தமாகப் பேசிக்கொண்டு நடங்கள். கரடியைக் கண்டால் 91 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். பூங்காவின் விதி அது. ஓடாதீர்கள். கிரிஸ்லி தொட்டேவிட்டால் குப்புறப் படுத்து, கழுத்தைக் கைகளால் மூடி அசையாமல் கிடங்கள். செல்ஃபிக்காக ஓரடிகூட முன்னே வைக்காதீர்கள்.