பட்டகோனியப் பனியாறுகளின் ஊடே ஒரு தரைவழிப் பயணம்

தென் அமெரிக்கக் கண்டத்தின் தென் கோடியில், சிலி, அர்ஜென்டினா ஆகிய இரு நாடுகளிலும் பரந்து கிடக்கும் பிரதேசம் பட்டகோனியா எனப்படும். ஆண்டிஸ் மலைத்தொடர் இப்பிரதேசத்தை மேற்கு, கிழக்கு என இரு கூறாகப் பிரிக்கிறது. மேற்கே கடல் உட்புகுந்த ஆழமான பள்ளத்தாக்குகளும் அடர்ந்த காடுகளும் உள்ளன. கிழக்கே புல்லும் முட்செடியும் மட்டுமே வளரும் வறண்ட சமவெளி நீண்டு கிடக்கிறது. இவ்விரண்டிற்கும் நடுவே, மலைமுகட்டை மூடிக்கொண்டு, இரு பெரும் பனிப்பரப்புகள் அமைந்துள்ளன. வட பனிப்பரப்பு சுமார் 4,000 சதுர கிலோமீட்டரும், தென் பனிப்பரப்பு சுமார் 12,000 சதுர கிலோமீட்டரும் கொண்டவை. தென் பனிப்பரப்பின் நீளம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் ஆகும். அண்டார்க்டிகாவை விலக்கிப் பார்த்தால், பூமியின் தென் பாதியில் இத்தனை பெரிய பனித்தொகுதி வேறெங்கும் இல்லை.

இப்பிரதேசத்தை வடக்கிலிருந்து தெற்காகத் தரைவழியே கடப்பவர்கள், பூகோளப் பாடநூலின் பல அத்தியாயங்களைக் கண்ணெதிரே காண்கிறார்கள். பனியாறு எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு நகர்கிறது, அது தேயும்பொழுது கீழே வாழும் மக்களுக்கு என்ன நேர்கிறது என்ற வினாக்களுக்கு இவ்வழியிலேயே விடைகள் கிடைக்கின்றன. அவ்விடைகள் இமயமலைச் சாரலில் பணிபுரிவோருக்கும் பயன்படக் கூடியவை.

பாதையின் அமைப்பு

பயணம் பெரும்பாலும் சிலி நாட்டின் பூவெர்த்தோ மோன்ட் நகரில் தொடங்குகிறது. அங்கிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையை அமைக்கும் வேலை 1976-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 2000-ஆம் ஆண்டில்தான் அது வில்லா ஓஹிக்கின்ஸ் என்னும் சிற்றூரை எட்டியது. இதன் நீளம் சுமார் 1,240 கிலோமீட்டர். சாலை தொடர்ச்சியானதன்று, சில இடங்களில் வண்டிகளைப் படகில் ஏற்றிக் கடலின் கிளைகளைக் கடக்க வேண்டும்.

வில்லா ஓஹிக்கின்ஸுடன் சாலை முடிந்து விடுகிறது. தெற்கே தென் பனிப்பரப்பு குறுக்கிடுவதால் சிலி நாட்டிற்குள்ளேயே மேற்கொண்டு தரைவழியாகச் செல்ல இயலாது. பயணிகள் ஏரியைப் படகில் கடந்து, மலைக்காட்டின் வழியே கால்நடையாக எல்லையைத் தாண்டி, அர்ஜென்டினாவின் எல் சால்தேன் என்ற ஊரை அடைகிறார்கள். 3,405 மீட்டர் உயரமுள்ள பிட்ஸ்ராய் சிகரம் அவ்வூருக்கு மேலே செங்குத்தாக நிற்கிறது. அங்கிருந்து எல் கலபாத்தே, பெரிதோ மொரேனோ பனியாறு ஆகியவற்றைக் கண்டபின், மீண்டும் சிலிக்குள் நுழைந்து தோர்ரெஸ் தெல் பைனே தேசியப் பூங்காவைச் சேர்வது வழக்கம். தென் பாதியில் கோடைகாலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆதலால், பயணங்கள் பெரும்பாலும் அம்மாதங்களை ஒட்டியே நடைபெறுகின்றன.

இவ்வளவு தாழ்வில் பனி தங்குவது ஏன்?

இமயமலையில் நிரந்தரப் பனியைக் காணப் பல ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். பட்டகோனியப் பனிப்பரப்புகளின் மிக உயர்ந்த சிகரமோ 4,000 மீட்டரை ஒட்டியதே. அப்படியிருந்தும் இங்குள்ள பனியாறுகள் பல கடல்மட்டம் வரை இறங்கி வருகின்றன. வட பனிப்பரப்பிலிருந்து இறங்கும் சான் ரபாயேல் பனியாறு, கடலை நேரடியாகத் தொடும் பனியாறுகளுள் பூமத்திய ரேகைக்கு மிக அருகில் உள்ளதாகும்.

இதற்குக் காரணம் காற்று. தெற்கு அட்சரேகை 40 பாகைக்கு அப்பால் மேலைக்காற்று ஆண்டு முழுவதும் தடையின்றி வீசுகிறது. பசிபிக் சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்து வரும் அக்காற்று, ஆண்டிஸ் மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து, மழையாகவும் பனியாகவும் பொழிகிறது. மேற்குச் சரிவுகளில் ஆண்டொன்றுக்குப் பல மீட்டர் அளவில் மழையும் பனியும் விழ, மலைக்கு அப்பால் எல் கலபாத்தேயில் 200 மில்லிமீட்டர் அளவே பெய்கிறது. மகாபலேசுவரத்திற்கும் புனாவிற்கும் இடையே காணப்படும் மழை மறைவும் இதே நியதியைச் சார்ந்ததுதான். கோடையில் உருகுவதைவிடக் குளிர்காலத்தில் மிகுதியாகப் பனி சேருமிடத்தில், ஆண்டுக்காண்டு அடுக்கடுக்காகப் பனி அழுந்தி, இடையிலுள்ள காற்று வெளியேறி, கெட்டியான பனிக்கட்டியாக மாறுகிறது. ஆழத்தில் இறுகிய பனிக்கட்டி ஒளியின் சிவப்புப் பகுதியை உட்கொண்டு விடுவதால் நீல நிறமாகத் தோன்றுகிறது.

பனிக்கட்டி நகரும் விதம்

பனிக்கட்டி கல்லைப் போன்று கெட்டியானதாகத் தோன்றினாலும், பெரும் பாரத்தின் கீழ் மிக மெதுவாக உருமாறி, கெட்டிப்பட்ட வெல்லப்பாகு போலச் சரிவை நோக்கி வழிகிறது. அத்துடன், அடிப்பகுதியில் அழுத்தத்தினாலும் பூமியின் உஷ்ணத்தினாலும் உண்டாகும் நீர், பனித்திரளைப் பாறைமீது வழுக்கச் செய்கிறது. பெரிதோ மொரேனோ பனியாற்றின் நடுப்பகுதி நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் முன்னேறுகிறது.

அழுத்தத்தினால் பனிக்கட்டி உருகுவதை வகுப்பறையில் எளிதாகக் காட்டலாம். ஒரு பனிக்கட்டிப் பாளத்தை இரண்டு பலகைகளின் மேல் பாலம் போல வைத்து, இருமுனைகளிலும் எடை கட்டிய மெல்லிய கம்பியை அதன் குறுக்கே தொங்கவிட வேண்டும். கம்பி மெல்ல மெல்லப் பனிக்கட்டியினூடே இறங்கிக் கீழே விழும். பாளமோ இரு துண்டாகாமல் முழுமையாகவே இருக்கும். கம்பியின் கீழ் உருகிய நீர், கம்பி கடந்தபின் மேலே மீண்டும் உறைந்து விடுவதே இதன் காரணம்.

நகரும் பனி தன் அடியிலுள்ள பாறையை மாவாக அரைத்துவிடுகிறது. இம்மாவு கலந்த நீரே பட்டகோனிய ஏரிகளுக்குப் பால் கலந்த பச்சை நீல நிறத்தைத் தருகிறது. பனியாறு தள்ளிக்கொண்டு வந்து ஓரங்களிலும் முனையிலும் குவிக்கும் கற்குவியல்கள் மொரேன் எனப்படும். பள்ளத்தாக்கின் குறுக்கே அமைந்த மொரேன் பல இடங்களில் இயற்கையான அணையாக நின்று ஏரிகளை உண்டாக்குகிறது.

ஆராய்ந்தவர்கள்

1834-ஆம் ஆண்டில் பிட்ஸ்ராய் தளபதியும் சார்லஸ் டார்வினும் கிழக்குக் கடற்கரையிலிருந்து சாந்தா குரூஸ் ஆற்றின் வழியே படகுகளை இழுத்துக்கொண்டு மேற்கே சென்றனர். உணவு குறைந்ததால், மலைகளைத் தொலைவில் கண்டதோடு, அந்த ஆறு புறப்படும் ஏரியை எட்டாமலே திரும்பினர். 1877-ஆம் ஆண்டில் அர்ஜென்டினாவைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ மொரேனோ அவ்வேரியை அடைந்து அதற்கு அர்ஜென்டினோ ஏரி எனப் பெயரிட்டார். பிட்ஸ்ராய் சிகரத்திற்குப் பெயர் சூட்டியவரும் அவரே. பின்னர் எல்லைத் தகராற்றில் அவர் தம் நாட்டின் நிபுணராகப் பணியாற்றினார். 'பெரிதோ' என்னும் சொல்லுக்கு நிபுணர் என்று பொருள். உயர்ந்த சிகரங்களும் நீர் பிரியும் மேடும் ஒரே கோட்டில் அமையாததே அத்தகராற்றின் வேர். பழங்காலப் பனியாறுகளும் அவற்றின் மொரேன்களும் ஆறுகளின் போக்கை மாற்றிவிட்டிருந்தன.

தென் பனிப்பரப்பின் மீது நெடும்பயணம் செய்தவர்களுள் எரிக் ஷிப்டன் குறிப்பிடத்தக்கவர். 1934-ஆம் ஆண்டில் டில்மனுடன் சேர்ந்து நந்தாதேவிச் சிகரத்தைச் சூழ்ந்துள்ள உட்பள்ளத்தாக்கிற்குள் முதன்முதலாக நுழைந்தவர் இவரே என்பதை இந்திய வாசகர்கள் அறிவர். 1960-ஆம் ஆண்டு டிசம்பரில் மூன்று துணைவர்களுடன் வடக்கே ஹோர்கே மோன்ட் பனியாற்றில் ஏறி, சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு, 52 நாட்களில் தெற்கே உப்சாலா பனியாற்றின் வழியாக அவர் இறங்கினார். உயரத்தைக் காட்டிலும் ஓயாத புயற்காற்றும் ஈரமுமே அங்கு பெரிய இடர்கள். ஷிப்டன் ஏறிய ஹோர்கே மோன்ட் பனியாற்றின் முனை, 1898-ஆம் ஆண்டில் வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடத்திலிருந்து இன்று சுமார் 20 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது.

பனியே அணையாகும்பொழுது

பெரிதோ மொரேனோ பனியாற்றின் முகப்பு சுமார் 5 கிலோமீட்டர் அகலமும், நீருக்குமேல் 60 மீட்டருக்குக் குறையாத உயரமும் உடையது. அது முன்னேறி எதிர்க்கரையைத் தொடும்பொழுது அர்ஜென்டினோ ஏரியின் ஒரு கிளை அடைபட்டுவிடுகிறது. அக்கிளையின் நீர்மட்டம் உயர்ந்து, ஒரு நாள் பனியணையின் அடியைத் துளைத்துக்கொண்டு பாய்கிறது. வளைவு போல எஞ்சும் பனிப்பாலமும் இடிந்து விழுகிறது. 1988, 2004, 2012, 2016, 2018 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நிகழ்ந்தது. 1968-க்கும் 1988-க்கும் இடையே, முகப்பினருகே நின்றவர்களுள் 32 பேர் சிதறிய பனித்துண்டுகளால் உயிரிழந்தனர். இப்பொழுது தொலைவில் அமைக்கப்பட்ட நடைமேடைகளிலிருந்தே அதனைக் காண வேண்டும். நெடுங்காலம் நிலை மாறாதிருந்த இப்பனியாறும் 2019-க்குப் பின்னர் பின்வாங்கத் தொடங்கியிருக்கிறது.

வட பனிப்பரப்பின் கிழக்கே நிகழ்ந்தது இன்னும் கவலைக்குரியது. அங்கே கோலோனியா பனியாற்றின் ஓரத்தில், பனியையே அணையாகக் கொண்டு, இரண்டாம் கச்செத் என்னும் ஏரி இருந்தது. 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சுமார் 20 கோடி கன மீட்டர் நீர் சில மணி நேரத்திற்குள் பனியாற்றின் அடியே பல கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாக வெளியேறியது. வானத்தில் மழையில்லை, ஆயினும் கோலோனியா ஆறும், அது கலக்கும் பேக்கர் ஆறும் பெருகிக் கரையோரப் பண்ணைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மூழ்கடித்தன. அதன் பின்னர் அவ்வேரி பலமுறை நிரம்பிப் பலமுறை வடிந்தது.

இதன் விளக்கம் எளிய பௌதிகமே. பனிக்கட்டியின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு. ஆகவே 100 மீட்டர் கனமுள்ள பனியணையின் பின்னே நீர் சுமார் 90 மீட்டர் ஆழம் எட்டியதும், அணை மிதக்கும் நிலையை நெருங்குகிறது. அடியில் சிறு வழி கிடைத்தால் போதும். பாயும் நீரின் உராய்வும் வெப்பமும் அவ்வழியை விரைவில் அகலமாக்கிவிடும். பனியாறு தேய்ந்து மெலிந்தால், குறைந்த நீரிலேயே இந்நிலை வந்துவிடும். வெப்பம் மிகுந்துவரும் காலத்தில் இத்தகைய வெள்ளங்கள் எதிர்பாராத பள்ளத்தாக்குகளில் தோன்றுவது இதனால்தான்.

2008-க்குப் பின்னர் கோலோனியாப் பள்ளத்தாக்கில் ஏரியின் நீர்மட்டத்தை அளந்து அறிவிக்கும் கருவிகள் அமைக்கப்பட்டன. நீர்மட்டம் இறங்கத் தொடங்கியதும் செய்தி கீழே எட்டினால், மக்கள் கால்நடைகளுடன் மேட்டிற்குச் செல்ல அவகாசம் கிடைக்கும்.

இமயத்திற்கு உரிய பாடம்

இமயமலையின் பனியேரிகள் பெரும்பாலும் மொரேன் அணைகளால் தடுக்கப்பட்டவை. இவை மிதப்பதில்லை, பாறையோ மண்சரிவோ ஏரிக்குள் விழுந்து எழுப்பும் அலையினால், அல்லது கரை அரிக்கப்படுவதனால் உடைகின்றன. 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கேதார்நாத்திற்கு மேலேயிருந்த சோராபாரி ஏரி உடைந்தது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சிக்கிமின் தெற்கு லோனக் ஏரியில் கரைச்சரிவு விழுந்து, எழுந்த வெள்ளம் சுங்தாங்கிலிருந்த நீர்மின் அணையையே அடித்துச் சென்றது. அணையின் வகை வேறாயினும், மேலே தேங்கிய நீர் இரவோடிரவாகக் கீழே வரும் என்ற அபாயம் ஒன்றே.

மலைப்பகுதிகளில் பணிபுரியும் ஊழியர்கள் சில அறிகுறிகளை மனத்தில் கொள்வது நலம். மழையில்லாத நாளில் ஆற்றின் மட்டம் திடீரென உயர்வது, அல்லது மேலே எங்கோ அடைப்பு ஏற்பட்டதனால் திடீரெனக் குறைவது, நீர் சேறாகிப் பனித்துண்டுகளும் மரங்களும் மிதந்து வருவது, மேலிருந்து தொடர்ந்த இரைச்சல் கேட்பது ஆகியவற்றுள் எதைக் கண்டாலும், காரணத்தை ஆராய ஆற்றங்கரைக்கு இறங்குதல் கூடாது. உடனே கீழுள்ள ஊர்களுக்குச் செய்தி அனுப்பி, மேட்டு நிலத்திற்கு ஏறிவிட வேண்டும். ஆசிரியர்கள் தத்தம் ஊருக்கு மேலே உள்ள ஏரிகளை வரைபடத்தில் மாணவர்களைக் கொண்டு குறிக்கச் செய்து, பள்ளியிலிருந்து மேட்டிற்குச் செல்லும் வழியை நடந்தே காட்டிவைப்பது நல்லது. அந்த வழியை மழைக்காலம் தொடங்குமுன் ஆண்டுதோறும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.