மீளமைத்த படகு இயந்திரமும் மிகையான எண்ணெய்ச் செலவும்: நோயறிதல் முறை பற்றிய சில குறிப்புகள்

வடகரையோரக் கிராமங்களில் ஒரு படகின் இயந்திரத்தைக் கழற்றி மீளமைக்கிறார்கள் என்றால், பல வேளைகளில் ஒரு வீட்டின் நகை அடகுக்குப் போயிருக்கின்றது என்பது பொருள். 1950களின் பிற்பகுதியில் இலங்கை மீன்பிடித் தொழிலில் இயந்திரமயமாக்கம் தொடங்கியதைத் தொடர்ந்து 28 அடி நீளமான மூன்றரைத் தொன் படகுகளும், அவற்றினுள்ளே பொருத்தப்பட்ட டீசல் இயந்திரங்களும் கரையோரமெங்கும் பரவின. பின்வந்த போர்க்காலத் தடைகளும் இடப்பெயர்வுகளும் அப்படகுகளிற் பெரும்பங்கை அழித்தன. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 யூன் 26ஆம் திகதி 460 ரூபாவாக உயர்ந்த நெருக்கடியின்போது, புதிய இயந்திரம் வாங்குதல் என்ற எண்ணமே பலருக்கு எட்டாத ஒன்றாயிற்று. பழைய இயந்திரத்தை மீளமைத்து ஓட்டுவதே எஞ்சிய வழியாயிற்று.

இவ்வாறு மீளமைத்த இயந்திரம் கடலுக்குச் சென்ற சில நாள்களிலேயே மசகெண்ணெயை அளவின்றிக் குடிக்கத் தொடங்கினால் என் செய்வது? 'றிங் சரியில்லை, திரும்பக் கழற்றுங்கள்' என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகின்றது. அத்தீர்ப்பு சில வேளை சரியாகலாம். ஆயின் சோதனைக்கு முன்னரே வழங்கப்படும் தீர்ப்பு அது. எண்ணெய் எங்கே போகின்றது என்பதை ஒழுங்குமுறையாகக் கண்டறிவது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. முதலில் அளவை

'நிறைய எண்ணெய் போகின்றது' என்பது முறைப்பாடு. அது இன்னும் அளவையாகவில்லை. இயந்திரம் ஓடிய மணித்தியாலம், எரிந்த டீசல், ஊற்றிய எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதிவருதல் வேண்டும். எண்ணெய்ச் செலவை எரிபொருட் செலவோடு ஒப்பிடுவதே நேரிய முறை. நூறு லீற்றர் டீசலுக்கு அரை லீற்றருக்கு மேற்படாத எண்ணெய் சென்றால் கவலைப்படுவதற்கில்லை என்பதும், ஒரு லீற்றரைத் தாண்டினால் ஆராய வேண்டும் என்பதும் நடைமுறைக்கு உதவும் பருமட்டான கணக்கு. மீளமைத்த இயந்திரம் முதற் சில பத்து மணித்தியாலங்களில் சற்று மிகையாகக் குடிப்பது இயல்பே. அச்செலவு நாளடைவிற் குறைகின்றதா, அவ்வாறே நிற்கின்றதா என்பதே வினா.

அளவுகோலையும் நாம் ஐயுறுதல் வேண்டும். படகில் இயந்திரம் சுழலித்தண்டின் சரிவுக்கேற்பச் சாய்த்துப் பொருத்தப்படுகின்றது. சமதளத்தில் நிற்கும் இயந்திரத்துக்கென வெட்டப்பட்ட அளவுகோற் குறி, சாய்ந்த இயந்திரத்திற் பொய் சொல்லக்கூடும். மேற்குறிவரை நிரப்புவதாக எண்ணி மிகையாக நிரப்பினால், சுழலும் தண்டு எண்ணெயை அடித்து நுரையாக்கும். மிகுதி காற்றுப்போக்கிக் குழாய் வழியாக வெளியேறும். ஒரு குறிப்பிட்ட மட்டம்வரை விரைந்து குறைந்து, அதன்பின் எண்ணெய் குறையாமல் நிற்குமாயின் இதுவே காரணம் எனக் கருதலாம். படகு மிதக்கும் நிலையில், விதிக்கப்பட்ட அளவு எண்ணெயை அளந்து ஊற்றிப் புதிய குறி வெட்டுதலே இதற்கு மருந்து.

இதற்கு மறுதலையான மயக்கமும் உண்டு. டீசற் பம்பியின் ஒழுக்கு எண்ணெய்த் தொட்டியினுட் கலந்தால் மட்டம் குறையாது. சில வேளை உயரவுஞ் செய்யும். மட்டம் குறையாமையைக் கொண்டு செலவே இல்லை என முடிவுகட்டலாகாது. எண்ணெயின் மணமும் மெலிவும் உண்மையைக் காட்டிக் கொடுக்கும்.

2. எண்ணெய் செல்லும் வழிகள்

எண்ணெய் இயந்திரத்தைவிட்டு நீங்குவதற்கு மூன்று வழிகளே உள்ளன: வெளியே ஒழுகுதல், உருளையினுள் எரிதல், குளிர்நீரோடு கலந்து கடலுக்குச் செல்லுதல். ஒழுக்கை இயந்திரத்தின் அடியில் வெள்ளைக் கடதாசி விரித்தே கண்டுவிடலாம். எரிதல் இரு வாயில்களால் நிகழும்: ஒன்று பிஸ்ரன் எனப்படும் முசலத்தைச் சுற்றியுள்ள றிங்குகள், மற்றது வால்வுத் தண்டுகளின் வழிகாட்டிகள்.

றிங்குகள் பற்றிய ஒரு தவறான நம்பிக்கை இங்கு சுட்டத்தக்கது. 'புது றிங் போட்ட இயந்திரத்தை மெல்ல ஓட்ட வேண்டும்' என்று கூறி, படகைத் துறையிற் கட்டி மணிக்கணக்காகச் சுமையின்றி ஓடவிடுவோர் உளர். றிங்கை உருளைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விசை மட்டுமன்று. எரிவாயுவின் அமுக்கம் றிங்கின் பின்புறம் புகுந்து அதனை வெளிநோக்கித் தள்ளுகின்றது. சுமையில்லையேல் அவ்வமுக்கம் போதாது. சுவரில் உரைத்து உண்டாக்கிய குறுக்குக் கோடுகளும் றிங்கும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்துமுன், சுவர் கண்ணாடிபோற் பளபளத்துவிடும். கடல்நீர் நேரே ஓடிக் குளிர்விக்கும் இயந்திரங்கள் உப்புப் படியாதிருக்கும் பொருட்டுத் தாழ்ந்த வெப்பநிலையில் ஓடுவதால் அவற்றில் இக்குறை மேலும் எளிதில் நேரும். மிதமான சுமையோடு, வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுவதே உகந்தது.

பொருத்துதலில் நேரும் பிழைகளும் உள. சாய்வுமுகம் கொண்ட இரண்டாம் றிங்கைத் தலைகீழாகப் போட்டால் அது எண்ணெயைக் கீழே வழிப்பதற்குப் பதிலாக மேலே ஏற்றும். தேய்ந்த தவாளிப்புடைய பழைய முசலத்திற் புது றிங் இட்டால், அது தன் தவாளிப்பினுள் மேலுங் கீழும் ஆடிப் பம்பிபோலச் செயற்படும்.

3. புகை கூறுவதும் கூறாததும்

நீலப்புகை எண்ணெய் எரிவதன் அறிகுறி. நெடுநேரம் நின்றபின் இயக்கும்போது மட்டும் தோன்றி மறையும் நீலப்புகை வால்வு வழிகாட்டிகளைச் சுட்டும். சுமையேற ஏற மிகும் புகை றிங்குகளைச் சுட்டும். ஆயின் பெற்றோல் கார்களிற் கற்ற பாடத்தை அப்படியே படகுக்குப் பொருத்துதல் தவறு. பெற்றோல் இயந்திரத்தில் வேகத்தைக் குறைக்கும்போது உட்குழாயில் வலிய உறிஞ்சல் உண்டாகி வழிகாட்டி ஊடாக எண்ணெயை இழுக்கும். டீசல் இயந்திரங்களின் உட்குழாயிற் பொதுவாக அத்தகைய அடைப்பு இன்மையால் அவ்வுறிஞ்சல் மிகச் சிறிதே. மேலும், புகைக்குழாயிற் கடல்நீர் கலந்து வெளியேறும் படகுகளில் நீராவி புகையின் நிறத்தை மறைத்துவிடும்.

4. சோதனைகளின் ஒழுங்கு

செலவு குறைந்ததும் எதையும் கழற்றாததுமான சோதனை முன்னும், கழற்றவேண்டியது பின்னுமாக அமைதல் வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, ஓடும் இயந்திரத்திலிருந்து வாயு வலிந்து வீசுகின்றதா எனப் பார்த்தல் முதலாவது. அடுத்து, முசலத்தை அமுக்க அடிப்பின் உச்சியில் நிறுத்தி, உருளையினுட் காற்றைச் செலுத்திச் செவிமடுத்தல். இரைச்சல் எண்ணெய் மூடி வழியே கேட்டால் றிங். புகைக்குழாயிற் கேட்டால் வெளிவால்வு. உட்குழாயிற் கேட்டால் உள்வால்வு. உருளையிற் சிறிது எண்ணெய் விட்டு அமுக்கம் பார்க்கும் பழைய முறை டீசலுக்கு நம்பத்தக்கதன்று. அதன் எரியறை மிகச் சிறிதாதலால் ஊற்றிய எண்ணெயே இடத்தை அடைத்து அமுக்கத்தை உயர்த்திக் காட்டும். மிகுதியாக விட்டால் இயந்திரத்துக்கே கேடு.

ஒன்று மனங்கொள்ளத்தக்கது. வாயுவைத் தடுப்பவை மேல் றிங்குகள். எண்ணெயை வழிப்பது கீழ் றிங். ஆகவே அமுக்கம் நன்றாக இருத்தல் எண்ணெய் றிங்கைக் குற்றமற்றதாக்காது. வால்வு வழிகாட்டிகளையும் இச்சோதனை காட்டாது. குழாய்களைக் கழற்றி வால்வுகளின் பின்புறம் எண்ணெயில் நனைந்துள்ளதா எனக் கண்ணாற் காணல் வேண்டும்.

5. ஒரு படகின் செய்தி

வடகரையில் நாம் நேரிற் கண்ட ஒரு படகு இம்முறையின் பயனை உணர்த்தும். மீளமைத்தபின் நூறு லீற்றர் டீசலுக்கு ஏறத்தாழ இரண்டு லீற்றர் எண்ணெய் சென்றது. சம்மாட்டியார் இயந்திரம் திருத்தியவரைக் குறைகூறினார்; திருத்தியவர் ஓட்டியவர்களைக் குறைகூறினார். இரண்டாம் முறை கழற்றுவதற்கெனக் கடனும் பேசியாயிற்று. ஆயின் வெளியொழுக்கு இல்லை. மூடி வழியே வாயு வீசவில்லை. காற்றுச் சோதனையும் தேறியது. வால்வுகளின் பின்புறமும் உலர்ந்திருந்தது. எஞ்சியவை எண்ணெய் றிங்கும் குளிர்நீரும். கழற்றாமற் பார்க்கக்கூடியது குளிர்நீரே. புகைக்குழாய் நீர் விழும் இடத்தில் வானவில் நிறப் படலமொன்று பரவியது. எரியாத டீசலும் அத்தகைய படலத்தைத் தருமாதலால் அதுமட்டும் போதிய சான்றன்று. மறுநாட் காலை, இயந்திரத்தை இயக்குமுன் எண்ணெய்த் தொட்டியின் அடிமுளையைத் தளர்த்தியபோது முதலில் வந்தவை சில துளி உப்புநீர்!

எண்ணெய் குளிர்த்தியைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, நீரில் அமிழ்த்திக் காற்றைச் செலுத்தியதும் குமிழிகள் எழுந்தன. அரிப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்ள வேண்டிய நாகத்துண்டு கரைந்து முடிந்து நெடுநாளாயிற்று. அதன்பின் கடல்நீர் குழாயையே அரித்திருந்தது. மீளமைப்பின்போது குளிர்த்தியை எவரும் தொடவில்லை. புதிய தாங்கிகளால் எண்ணெய் அமுக்கம் உயர்ந்தது; அதனால் முன்னர் கசிந்த சிறுதுளை இப்போது பீறிட்டது. ஓடும்போது எண்ணெய் கடலுக்குச் சென்றது. நின்றபின் கடல்நீர் எண்ணெயினுட் புகுந்தது. றிங்கைக் குற்றஞ்சாட்டி, கடன் கைக்கு வரும்வரை ஓட்டியிருப்பின் புதிய தாங்கிகள் உப்புநீரில் அழிந்திருக்கும். குளிர்த்தி மாற்றப்பட்டது, எண்ணெயும் வடிகட்டியும் இருமுறை மாற்றப்பட்டன. அதன்பின் செலவு நூறு லீற்றருக்கு அரை லீற்றருக்குட் குறைந்தது.

6. முடிவாக

பங்குமுறையில் இயங்கும் படகுகளில் எரிபொருள், எண்ணெய் முதலிய ஓட்டச் செலவுகளைக் கழித்த பின்னரே பிடிபட்ட மீனின் பணம் பங்கிடப்படுவது வழக்கம். ஆகவே வீணாகும் எண்ணெயின் ஒரு பகுதியைத் தொழிலாளரும் தம் பங்கிலிருந்து செலுத்துகின்றனர். இயந்திரத்தைக் கழற்றுவதா என்ற முடிவில் அவர்களுக்கு இடமில்லை. ஓடிய மணித்தியாலம், டீசல், எண்ணெய் என மூன்று நிரல் கொண்ட ஒரு கொப்பி படகில் இருக்குமாயின், அதனைப் படிக்கத் தெரிந்த எவரும் கேள்வி கேட்கலாம். மேற்கூறிய சோதனைகளுக்கு வேண்டியவை ஒரு கடதாசி, காற்றுப் பம்பி, ஒரு வாளி நீர், பொறுமை ஆகியனவே. இவ்வறிவு வேலைத்தலத்தின் மறைபொருளாக இராது, துறையில் நிற்போர் அனைவரின் மொழியிலும் வழங்குதல் வேண்டும் என்பதே எமது விருப்பம்.