குலசேகரன்பட்டினம்: ஏவுதளத்தால் யாருக்கு என்ன பயன்?

தேரிக்காடும் பனையும் சூழ்ந்த, முத்தாரம்மன் கோயில் தசராவால் பெயர்பெற்ற தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில், இந்தியாவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில், 986 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அமையும் இத்தளம், இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி.யையும் தனியார் ராக்கெட்டுகளையும் கருத்தில் கொண்டு திட்டமிடப்பட்டது.

இவ்வூரைத் தேர்ந்தெடுக்கவைத்தது அதன் புவியியல் அமைப்பே. நிலத்தையும் கடலையும் படம்பிடிக்கும் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் துருவச் சுற்றுப்பாதையில், அதாவது பூமியின் இரு துருவங்களுக்கும் மேலாக வடக்கு தெற்காகச் செல்லும் பாதையில் சுற்றுகின்றன. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் ராக்கெட் இலங்கையின் மேல் பறக்க நேரும் என்பதால், அது முதலில் தென்கிழக்கே சென்று பின்னர் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தத் திருப்பத்தில் செலவாகும் எரிபொருளைப் பெரிய ராக்கெட் தாங்கிக்கொள்ளும். ஏறத்தாழ 500 கிலோ எடையை மட்டுமே சுமக்கும் எஸ்.எஸ்.எல்.வி.க்கோ அது பெரும் இழப்பு. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே திறந்த கடல் இருப்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

ஆனால் ஏவுதளம் வந்தாலே வட்டாரம் செழித்துவிடும் என்பது மிகையான நம்பிக்கை. ஏவும் பணி சிறப்புப் பயிற்சி பெற்ற சிலரால் நடப்பது. அவர்களில் பலர் வெளியூர்களிலிருந்து வருபவர்கள். ஐரோப்பிய ராக்கெட்டுகள் புறப்படும் பிரெஞ்சு கயானாவில், மருத்துவமும் பள்ளிகளும் பாதுகாப்பும் போதவில்லை என்று 2017இல் மக்கள் நடத்திய பொது வேலைநிறுத்தத்தால் ஏரியன் ராக்கெட் ஒன்று வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

வேலைவாய்ப்பு பெருகுவது உதிரிபாக உற்பத்தியிலும் சோதனையிலும்தான். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில், மிகக் குளிர்ந்த திரவ நிலையிலுள்ள ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரித்து இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சின்கள் பல ஆண்டுகளாகச் சோதிக்கப்படுகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் தோன்றிய அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினைக் கொண்டு 2024 மே மாதம் சோதனை ராக்கெட் ஒன்றை ஏவியது. தமிழ்நாடு அரசு 2025இல் வெளியிட்ட விண்வெளித் தொழிற்கொள்கை, ஐந்தாண்டுகளில் 10,000 கோடி ரூபாய் முதலீட்டை இலக்காக வைத்துள்ளது. அந்த முதலீடு சென்னை, கோவை, ஓசூரோடு நின்றுவிடாமல் தென்மாவட்டப் பட்டறைகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் வந்து சேர்கிறதா என்பதைக் கொண்டே அதன் வெற்றியை அளக்க வேண்டும்.

ஏவுதளம் வருவதற்கு வெகுகாலம் முன்பே செயற்கைக்கோள்களால் இக்கரைக்கு வந்து சேர்ந்த பயன் ஒன்று உண்டு. அடிக்கடலின் குளிர்ந்த நீர் மேலெழும் இடங்களில் ஊட்டச்சத்து மிகுந்து நுண்பாசி பெருகுவதால், அதைத் தின்னச் சிறுமீன்களும் அவற்றைத் தேடிப் பெருமீன்களும் கூடுகின்றன. ஓஷன்சாட் போன்ற செயற்கைக்கோள்கள் கடலின் நிறத்தைக் கொண்டு நுண்பாசியின் அளவைக் காட்ட, ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அதனோடு கடற்பரப்பின் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்து, மீன் கூடும் இடத்தின் திசை, தூரம், ஆழம் ஆகியவற்றை மீனவர்களுக்கு அறிவிக்கிறது. தேடி அலையும் நேரம் குறைந்தால் டீசல் மிச்சமாகும். விசைப்படகுச் செலவில் டீசலின் பங்கை அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

இருப்பினும் தகவல் இருந்தால் மட்டும் போதாது, அது படகைச் சென்றடையவும் வேண்டும் என்பதை 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல் கொடூரமாக உணர்த்தியது. கைப்பேசி அலைவரிசைக்கு அப்பால், ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை, பலர் மாண்டனர். அதன் பிறகு, செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெற்றுத் தரும் ஜெமினி கருவி 2019இல் அறிமுகமானது. ஆனால் அதன்வழி படகிலிருந்து பதில் அனுப்ப இயலாது. கரைக்கு அபாயச் செய்தி அனுப்பவும் வழிசெய்யும் இருவழி டிரான்ஸ்பாண்டர்கள் அடுத்து வந்தன.

இதே மீனவர்கள்தான் ஏவுதளத்துக்கான விலையையும் கொடுக்க வேண்டியவர்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் புறப்படும் நாட்களில், பழவேற்காட்டு மீனவர்கள் குறிப்பிட்ட பகுதிக்குள் செல்லத் தடை விதிக்கப்படுகிறது. சிறிய ராக்கெட்டுகளின் பொருளாதாரமே அடிக்கடி ஏவுவதில் அடங்கியிருப்பதால், மணப்பாடு, ஆலந்தலை போன்ற கடற்கரை ஊர்களுக்கு அத்தகைய நாட்கள் கூடலாம். ஏவும் தேதியை முன்கூட்டி அறிவிப்பதற்கும், இழந்த நாளுக்கு இழப்பீடு தருவதற்குமான ஏற்பாடு முதல் ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் அமைய வேண்டும்.